தின்னது நாந்தானுங்க

செருப்பை அங்கேயே உட்டுட்டு வாங்க. தெய்வானை ஊடு இதுதான். ஆனா கடைவீதியில அப்படிக் கேட்டிருக்க மாட்டீங்களே. சாமி பழத்தைத் தின்ன கெழவி ஊடு எதுன்னு கேட்டிருப்பீங்க, டீக்கடைக்காரன் பல்லைக் காட்டிட்டுக் கையை நீட்டியிருப்பான். காட்டட்டுமுங்க. ஆமா, தின்னது நாந்தான். பங்குனி உத்தரத்துக்கு வேல் மேல குத்தி வெக்கற எலுமிச்சம்பழத்தை, புள்ளையில்லாதவீங்க ஏலத்துல எடுத்துச் சாப்பிடற பழத்தை, பேரன் பேத்தி எடுக்கற வயசுல நான் தின்னேன். சிரிக்கறதுன்னா சிரிச்சுப்போட்டு உக்காருங்க. முந்தானையை வாயில வெச்சு அடக்க வேண்டியதில்ல.

வெள்ளகோயிலுங்களா? அத்தனை தூரத்துலிருந்து பஸ் மாறி வந்தீங்களாக்கும். வருசா வருசம் உத்தரத்துக்கு முந்தி உங்களை மாதிரி நாலு பேரு வருவாங்க. போன வருசம் பழம் எடுத்தவீங்க ஊட்டுக்குப் போயி, பலிச்சுதான்னு கேட்டுத் தெரிஞ்சுட்டுத்தான் ஏலத்துல கையைத் தூக்கறது. நானும் அப்படித்தான் போனேன். எனக்கு முந்தி எடுத்தவ ஊட்டுல தொட்டில் கட்டியிருந்துச்சுங்க. அந்தத் தொட்டிலை ஆட்டிப்போட்டு நேரா கோயிலுக்குப் போனவதான் நான். அதனால பழத்தைக் கொறை சொல்லுவேன்னு எதிர்பாக்காதீங்க. பழத்து மேல எனக்கு இன்னிக்கும் ஒரு கொறையுமில்ல.

உங்களுக்கு யாருக்குங்க, மகளுக்கா? மருமகளுக்கா. ம்.

சித்தெ இருங்க, வெயில்ல வந்திருக்கீங்க. உள்ள போயி ஒண்ணு எடுத்தாரேன்.

இந்தாங்க. மொறைச்சுப் பாக்காதீங்க, தவளை முட்டை இல்ல. நானும் மொதத் தடவை அப்படித்தான் நெனச்சேன். இது சியா வெதைங்க. சப்ஜா வேற, இது வேற. சப்ஜா தண்ணியைப் பாத்ததும் உப்பிக்கும், இது ஒரு ராத்திரி பூரா பொறுமையா ஊறோணும். பால்ல ஊறவெச்சு, தேன் ஊத்தி, கமலாப்பழச் சொளையை உரிச்சுப் போட்டிருக்குது. சியா புட்டிங்னு பேரு. பயந்துக்காதீங்க, இதுல சாமி பழம் இல்ல. சந்தையில வாங்குன கமலாவும், ஊட்டுக்குப் பின்னாடி நம்ம பொடக்காளியில காய்ச்ச எலுமிச்சையுந்தான். அந்த மரம் கெணத்தடியில நிக்குது பாருங்க.

சாப்பிட்டுட்டே கேளுங்க. எங்கூட்டுக்காரரு கோயில் கமிட்டியில இருக்காரு. யாராச்சும் பழத்தைப் பத்திக் கேட்டு வந்தா, நல்லதே நடக்கும்னு சொல்லி அனுப்பிப்போடு, வாயைத் தொறக்காதேன்னு எனக்கு உத்தரவு. அவரு இப்பத் தோட்டத்துக்குப் போயிட்டாரு. நீங்களும் வெளியூரு. மருமகளுக்குன்னு வேற சொல்றீங்க. அதனால நடந்ததைச் சொல்றேன். வெளியில போயிச் சொன்னீங்கன்னா நான் அப்படியெல்லாம் சொல்லவேயில்லைன்னுருவேன், அதையும் இப்பவே சொல்லிப்போடறேன்.

என்ற பையன் நவநீதன் கோயமுத்தூர்ல வேலையில இருக்கான். மருமக தரணி பேங்க்ல இருக்கறா. நல்ல புள்ளைங்க. நெறம், படிப்பு, அடக்கம், எதுலயும் கொறை சொல்ல முடியாது, அதுவே சில நாளைக்கு எனக்குக் கோவமா வரும். கல்யாணம் ஆகி வருசம் ஓடிப்போச்சு, ஒரு விசேஷமும் இல்ல. நான் போன் பண்ணுனா மொதக் கேள்வி அதுதான். விசேஷம் உண்டா கண்ணு? இல்லீங்கத்தைன்னு சொல்லுவா. அடுத்த வாரம் மறுக்காக் கேப்பேன். கேட்டா என்னங்க தப்பு? மாமியா நான் கேக்காம எதுத்த ஊட்டுக்காரியா கேப்பா? எதுத்த ஊட்டுக்காரியும் கேட்டாங்கறது வேற விசயம்.

போன உத்தரத்துக்கு ஏலத்துல நின்னேன். எவ்வளவுக்கு எடுத்தேன்னு மட்டும் கேக்காதீங்க, எங்கூட்டுக்காரருக்கே முழுசாத் தெரியாது. பூசாரி பழத்தைக் கையில குடுக்கறப்பவே முறையைச் சொல்லித்தான் குடுத்தாரு. தலைக்குக் குளிச்சுப்போட்டு, வெறும் வயித்துல, அவ ஒருத்தி மட்டும் சாப்பிடோணும். தோலு, சாறு, கொட்டை எதையும் மிச்சம் வெக்கப்படாது. இன்னொருத்தர் வாயில ஒரு சொட்டுக்கூடப் படப்படாது, பட்டா பலன் சிதறிப்போகும். நல்லாக் காதுல வாங்கிக்கிட்டேன். மஞ்சத் துணியில பழத்தைச் சுத்தி, மடியில வெச்சுட்டு, அன்னிக்கே கோயமுத்தூர் பஸ் ஏறிட்டேன். பக்கத்துல உக்காந்திருந்தவ மேல கூடப் படாம, ஒதுங்கியே உக்காந்துட்டுப் போனேன்.

தரணி பழத்தைப் பாத்தா. என்னைப் பாத்தா. கும்பிட்டுக்கிட்டா, அதைச் சொல்லோணும். அப்பறம், "வேண்டாங்கத்தை. நீங்க எங்களுக்காகக் கும்பிட்டதே போதும். பழத்தைச் சாமி படத்துக்கிட்ட வெச்சிருங்க. எங்க விசயத்தை எங்ககிட்ட உட்டுருங்க"ன்னா. கொரலை ஒசத்தவே இல்ல. அவ எப்பவுமே அப்படித்தான். சண்டை போட்டா நானும் நாலு வார்த்தை பேசலாம். இது கதவை மெதுவாச் சாத்தற மாதிரி. உள்ள தாழ் போட்ட சத்தங்கூடக் கேக்காது.

நவநீதன்கிட்டச் சொன்னேன், நீயாச்சும் சொல்லுடான்னு. "அம்மா, உட்டுருங்கம்மா"ன்னு செல்போனையே பாத்துட்டு இருந்தான். அவங்கப்பன் மாதிரியே. இந்த ஊட்டு ஆம்பளைங்களுக்கு ஒரு விசயம்னா உடனே செல்போன்ல வேலை வந்துரும்.

நானும் உட்டுட்டு வந்திருப்பேனுங்க. ஆனா அடுத்த நாள் காலையில ஒண்ணைப் பாத்தேன். தரணி தலைக்குக் குளிச்சா, ஈரத் துண்டோட சமையக்கட்டுக்கு வந்தா, ஃபிரிட்ஜைத் தொறந்து சின்னக் கண்ணாடிக் கிண்ணம் ஒண்ணை எடுத்தா, ஜன்னலோரம் நின்னு அந்தத் தவளை முட்டையை வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டா. காப்பி கூடக் குடிக்கல. தெனமும் இதுதானாமா. நவநீதன் அதைத் தொடவே மாட்டானாமா. யோசிச்சுப் பாருங்க. குளிச்சுப்போட்டு, வெறும் வயித்துல, அவ ஒருத்தி மட்டும். பூசாரி சொன்ன முறை பூரா அங்கியே இருக்குது. சாமியே எனக்கு வழியைக் காட்டுச்சுன்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கறேன்.

"ஏங்கண்ணு, இதை எப்படிப் பண்றது? எனக்கும் கத்துக்குடேன்"னேன்.

அவ மொகத்தை நீங்க பாத்திருக்கோணும். ஸ்பூனை வாயில வெச்சவ அப்படியே நின்னுட்டா. "நெசமாலுமாங்கத்தை?"ன்னா. "ஆமா, மாமாவுக்குச் சக்கரை இருக்குதில்ல, இதெல்லாம் நல்லதுங்கறாங்களே"ன்னு ஒரு பொய்யை உட்டேன். அன்னிக்கு பேங்க் உட்டு வரப்பவே பை நெறையக் கமலாப்பழம், சாத்துக்குடி, எலுமிச்சை எல்லாம் வாங்கிட்டு வந்துட்டா. சேலையை இடுப்புல சொருகிட்டு ஆரம்பிச்சா பாருங்க. பாலைக் காய்ச்சி நல்லா ஆறவெக்கோணும். வெதையைப் போட்டு ஒருக்காக் கலக்கி உட்டுட்டுப் போயிரப்படாது, சித்தெ கழிச்சு வந்து மறுக்காக் கலக்கோணும், இல்லைன்னா அடியில கட்டி கட்டியா ஒட்டிக்கும். பழத்தோலை மேலாகத்தான் துருவோணும், உள்ளிருக்கற வெள்ளை வந்துச்சுன்னா கசந்துரும். சொளையை மேல் சவ்வு உரிச்சுத்தான் போடோணும். எலுமிச்சையை மட்டும் வெதை நல்லா ஊறிக் கெட்டியான பொறவு, நாலே சொட்டு. முன்னாடியே புழிஞ்சா பால் திரிஞ்சு போகும். பாலும் எலுமிச்சையும் சேரவே கூடாதுன்னு நெனச்சுட்டு இருந்தவ நான். சேத்தற விதத்துல சேத்துனா சேருமாமா.

எனக்கு இந்த மறுக்காக் கலக்கறது மறந்து மறந்து போச்சு. மொதக் கிண்ணம் கட்டி. ரெண்டாவது கிண்ணமும் கட்டி. அவ கோவிச்சுக்கவே இல்ல, சிரிச்சா. "பரவால்லீங்கத்தை, நானும் மொத மாசம் பூரா கட்டியாத்தான் சாப்பிட்டேன்"னா. அந்தக் கட்டியை ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்பூனா நசுக்கிட்டுச் சமையக்கட்டு மேடையிலேயே உக்காந்திருந்தோம். நான் இந்த வயசுல மேடை மேல ஏறி உக்காந்தேனுங்க. நவநீதன் வந்து பாத்துட்டு போட்டோ எடுத்தான். அப்ப அவ சொன்னா, "எனக்கு எல்லாரும் எதையாச்சும் சொல்லிக் குடுத்துட்டேதான் இருப்பாங்கத்தை. எங்கிட்டக் கத்துக்கறேன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

நானும் சும்மா சொல்லப்படாது, எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா என்ற புத்தி பூரா அலமாரியில மஞ்சத் துணிக்குள்ள இருந்த பழத்து மேலதான். அது நாளுக்கு நாள் சுருங்கிட்டே வருது. எனக்கு அதுதான் கவலை.

ஒரு நாள் அவ தூங்கப் போன பொறவு ஊறவெச்சேன். கலக்கி, மறந்துபோகாம மறுக்காக் கலக்கி, பிரமாதமா வந்துச்சு. விடியால எந்திரிச்சுக் குளிச்சு, சாமியைக் கும்பிட்டுப் பழத்தைக் கையில எடுத்தேன். வேல் குத்துன ஓட்டையில குங்குமம் உள்ள வரைக்கும் எறங்கியிருந்துச்சு. அதைக் கழுவ எனக்கு மனசு வரல. தோலு மிச்சமிருக்கப்படாதுன்னு வெள்ளையோட சேத்துத் துருவுனேன். நாலு சொட்டாவது ஒண்ணாவது, சாறு மிச்சமிருக்கப்படாதில்ல, அத்தனையும் புழிஞ்சேன். கொட்டையை நசுக்கிப் போட்டேன். அவ சொல்லிக் குடுத்தது ஒண்ணையும் கேக்கல, பூசாரி சொன்னதைக் கேட்டேன். பால் லேசாத் திரிஞ்சாப்பல ஆயிருச்சு, குங்குமம் கரைஞ்சு ரோஸ் கலரா வந்துச்சு. கமலாச் சொளையை மேல அடுக்கி மறைச்சு, தேனைத் தாராளமா ஊத்தி, கிண்ணத்தை அவ எப்பவும் வெக்கற எடத்துல வெச்சேன்.

நான் என்ன வெசமாங்க வெச்சேன்? சாமி பிரசாதம். சொல்லிக் குடுத்தா சாப்பிடமாட்டேங்கறா, சொல்லாமக் குடுத்தேன். கொழந்தைக்கு மருந்தைச் சக்கரையில கலந்து குடுக்கறதில்லையா? அதுக்கு யாராச்சும் போலீஸ்ல சொல்றாங்களா?

அவ குளிச்சுப்போட்டு வந்தா. "இன்னிக்கு நானே பண்ணி வெச்சிருக்கேன் கண்ணு, பாரு"ன்னேன். கிண்ணத்தைக் கையில எடுத்தவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "எனக்காகவாங்கத்தை பண்ணுனீங்க?"ன்னா. "ஏன் ரோஸா இருக்குது?"ன்னு கேட்டா. பழத்தோட கலருன்னு சொல்லிப்போட்டேன். சரி, சாப்பிடுவான்னு பாத்துட்டு நிக்கறேன். அவ என்ன பண்ணுனா தெரியுமுங்களா? மொத ஸ்பூனை நல்லா நெறைய எடுத்து, நேரா என்ற வாய்க்கிட்டக் கொண்டாந்தா. "மொதல்ல நீங்க. பண்ணுனவீங்கதான் மொதல்ல"ன்னா.

நான் வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். அவ வெளையாட்டுன்னு நெனச்சா. சிரிச்சுட்டே, கொழந்தைக்கு ஊட்டற மாதிரி, ஒத்தைக் கையில என்ற தாவாயைப் புடிச்சா. "வேண்டாங் கண்ணு"ன்னு சொல்ல வாயைத் தொறந்தேன் பாருங்க, உள்ள வெச்சுட்டா. ஒரு ஸ்பூன். துப்பலாமுங்களா? சாமி பழம். முழுங்கலாமுங்களா? பலன் போயிரும். கசக்குதுன்னா அப்படிக் கசக்குது. முழுங்கிப்போட்டேன். முழுங்கிப்போட்டு, அவ ரெண்டாவது ஸ்பூனை, உங்கம்மா பண்ணுனதாச்சேன்னு நவநீதனுக்கு எடுக்கறதைப் பாத்து, கையைத் தட்டி உட்டு, "நீ மட்டுந்தான் சாப்பிடோணும், வேற ஆருக்கும் குடுக்கப்படாது"ன்னு கத்திட்டேன்.

அந்தச் சமையக்கட்டுல நான் கத்துனது அதுதான் மொதத் தடவை.

அவ ஸ்பூனைக் கிண்ணத்துல வெச்சா. கிண்ணத்தைப் பாத்தா. அப்பறம் சாமி படம் இருக்கற அலமாரியைப் பாத்தா. மஞ்சத் துணி மட்டும் மடிச்சு வெச்சிருந்துச்சு. "இதுக்குத்தான் கத்துக்கிட்டீங்களாங்கத்தை?"ன்னு கேட்டா.

உன்ற நல்லதுக்குத்தான் கண்ணுன்னேன். அதுல ஒரு துளி பொய் இல்லீங்க.

அப்பத்தான் சொன்னா. "ரெண்டு தடவை உண்டாச்சுங்கத்தை. ரெண்டும் தங்கல. ரெண்டாவது தடவை, நாங்க பொங்கலுக்கு வரலைன்னு நீங்க போன்ல கோவிச்சுட்டீங்க. அப்ப நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். நீங்க விசேஷம் உண்டான்னு கேட்டீங்க. இல்லீங்கத்தைன்னு அங்கிருந்துதான் சொன்னேன்."

ஏனுங்க, ஸ்பூனை வெச்சுட்டீங்க. சாப்பிடுங்க.

எனக்குத் தெரியாதுங்க. என்ற பையன் அன்னிக்கு பேங்க்ல கணக்கு முடிக்கற வேலை, தரணிக்கு லீவு கெடைக்கலம்மான்னு சொன்னான். நான் நம்புனேன். என்ற கோவமே அதுதானுங்க. எனக்கு ஏன் சொல்லல? சொல்லியிருந்தா வந்து பாத்திருக்க மாட்டனா? சுடுதண்ணி வெச்சுக் குடுத்திருக்க மாட்டனா? பக்கத்துலயாச்சும் உக்காந்திருக்க மாட்டனா? நான் பெத்தவன், எங்கிட்ட மறைக்கறான். அவளும் சேந்து மறைக்கறா. "ஏங்கண்ணு எங்கிட்டச் சொல்லல?"ன்னு கேட்டேன். "சொல்லியிருந்தா நீங்க பழத்தோட வந்திருப்பீங்க"ன்னா.

வந்திருப்பேந்தான். அதுல என்ன தப்புன்னு எனக்கு இன்னமும் புரியல.

அப்பறம் அவ கிண்ணத்தைக் கையில எடுத்தா. தூக்கிக் கொட்டிருவான்னு நெனச்சேன். கொட்டல. சாப்பிட்டா. ஒரு ஸ்பூன் உடாம, கசப்புக்கு மூஞ்சியைச் சுளிக்காம, என்னைப் பாத்துட்டே சாப்பிட்டா. திரிஞ்ச பாலு, வெள்ளைத் தோலு, நசுக்குன கொட்டை, எல்லாம். போதுங் கண்ணு, வேண்டாங் கண்ணுன்னு நாந்தான் சொன்னேன். நிறுத்தல. கிண்ணத்தை வழிச்சு எடுத்து, கழுவி, கவுத்து வெச்சா. "முழுசாச் சாப்பிட்டுட்டேனுங்கத்தை. இனி நீங்க ஊருக்குப் போங்க"ன்னு சொல்லிப்போட்டு பேங்குக்குக் கெளம்பிட்டா. நவநீதன் பஸ் ஸ்டேண்டு வரைக்கும் கொண்டாந்து உட்டான். ஜன்னல் சீட்டு மட்டும் புடிச்சுக் குடுத்தான்.

அதுக்கப்பறம் அவ எங்கிட்டப் பேசல. எங்கூட்டுக்காரருகிட்டப் பேசுவா, நல்லாருக்கீங்களா மாமான்னு. நான் போனை வாங்குனா நெட்வொர்க் போயிரும். தீவாளிக்கு வரல. பொங்கலுக்கும் வரல. நான் அதுக்கெல்லாம் அசையற ஆளில்லீங்க. வராட்டிப் போறாங்கன்னு இருந்தேன். தாராபுரத்துல மெடிக்கல் கடையில சொல்லி சியா வெதை வாங்கியாந்து, தெனமும் நானே பண்ணிச் சாப்பிட்டேன். எதுக்கு இந்த எழவுன்னு எங்கூட்டுக்காரரு கேட்டாரு. நாக்குக்குப் பழகிருச்சு, உங்களுக்கென்னன்னேன். உண்மையா நாக்குக்குத்தான் பழகிருச்சுங்க. வேற ஒண்ணுமில்ல. இப்பவெல்லாம் கட்டி தட்டறதே இல்ல.

சரி, நான் தின்ன கதைக்கு வாரேன். அதுக்குத்தானே வந்தீங்க.

தை மாசம் என்ற நாத்தனார் பொன்னாத்தா பேத்தி கல்யாணம். பந்தியில உக்காந்திருக்கோம். இன்னும் ரசம் வரல. பொன்னாத்தா எலைக்கு எலை விசாரிச்சுட்டே வந்தவ, எங்கிட்ட வந்து நின்னா. நல்லா நாலு வரிசைக்குக் கேக்கற மாதிரி, "ஏனுங் நங்கை, சாமி பழம் சாப்பிட்டும் உங்க மருமகளுக்கு ஒண்ணுங் காணமாமா?"ன்னா. பக்கத்து எலைக்காரி, சாமி பழமே தங்கலைன்னா அந்தப் புள்ளை ஒடம்புலதான் ஏதோ இருக்குதுன்னா. இன்னொருத்தி, தோசமா இருக்கும்னா. பொன்னாத்தா கொரலைத் தாழ்த்துனா. தாழ்த்துனா மட்டும் கேக்காமப் போகுமா? "நவநீதனுக்கு இன்னும் வயசிருக்குது. வேற எடம் பாக்கறதுன்னா சொல்லுங்க, நம்ம பக்கத்துலயே ஒரு புள்ளை இருக்குது"ன்னா.

எனக்கு அந்தக் கிண்ணத்தை வழிச்சு வழிச்சு அவ சாப்பிட்டதுதான் கண்ணுக்கு முன்னாடி நின்னுச்சு. முழுசாச் சாப்பிட்டாளே. எனக்காகச் சாப்பிட்டாளே. அதை வெச்சே இவளுக அவளை அறுக்கறாளுகளேன்னு இருந்துச்சு. எலையை விட்டு எந்திரிச்சேன். மூடக்கூட இல்ல. "என்ற மருமக அந்தப் பழத்தைக் கண்ணால பாத்ததோட சரி. தின்னது நான்"னு சொன்னேன்.

பந்தியே நின்னுபோச்சு. ரசவாளி புடிச்சிருந்தவன் அப்படியே நிக்கறான். பொன்னாத்தா, "என்னங் நங்கை சொல்றீங்க?"ன்னா. "ஆமா, எனக்கு ஆசையா இருந்துச்சு, தின்னுபோட்டேன். அவ மேல இனியொரு பேச்சு வந்துச்சு, எங்கூட்டு வாசப்படியை ஆரும் மிதிக்கப்படாது"ன்னேன். அப்பறம் சிரிச்சாங்க பாருங்க. ஆம்பளைங்க பந்தி வரைக்கும் போயிருச்சு. கெழவிக்கு வந்த ஆசையைப் பாருங்கறாங்க. எங்கூட்டுக்காரரு கையைக் கழுவிட்டு எனக்கு முன்னாடியே பஸ் ஏறிட்டாரு. பத்து நாளைக்கு எங்கிட்டச் சோறு கேட்டது கூட ஜாடையிலதான். கமிட்டியில கூப்பிட்டுச் சாமி குத்தம், பரிகாரம் பண்ணோணும்னாங்க. பண்ணிக்குங்கன்னு சொல்லிப்போட்டேன். சாமிக்குத் தெரியாதா ஆரு தின்னாங்கன்னு?

பொய்யின்னு நெனைக்கறீங்களா? எனக்கு அது பொய் இல்லீங்க. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். மொத ஸ்பூன் ஆரு வாயில போச்சு? என்ற வாயில. ஒரு சொட்டுக்கூடப் படப்படாதுன்னு பூசாரி சொன்னாரா இல்லையா? பலன் சிதறுனது என்னாலதான். அவ ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. பழத்துலயும் கொறை இல்ல. இதை நான் எந்தக் கோயில்ல வேணுமுன்னாலும் சூடம் அணைச்சுச் சொல்லுவேன்.

அந்தக் கல்யாணத்துக்குத் தரணியோட சித்தி மகளும் வந்திருந்திருக்கா. எனக்குத் தெரியாது. மாசி பொறந்து ஒரு நாள் மத்தியானம், நான் வெதையைக் கலக்கிட்டு இருக்கறேன், போன் அடிக்குது. மாமாவோட போன் இல்ல, என்ற போனு. எடுத்தா, "அத்தை"ங்கறா.

சொல்லு கண்ணுன்னேன். ஸ்பூன் கீழ விழுந்துருச்சு, அவளுக்குக் கேட்டிருக்கும்.

"நீங்க தின்னதாச் சொன்னீங்களாமா?"

"ஆமா. தின்னேனில்ல, நீதானே ஊட்டுனே"ன்னேன்.

கட்டாயிருச்சுன்னு நெனச்சு அலோ அலோன்னேன். இருக்கறேனுங்கத்தைன்னா. "எல்லாரும் சிரிக்கறாங்களாமா"ன்னா. சிரிக்கட்டும், எனக்கென்ன பல்லா கொட்டிப்போச்சுன்னேன். அப்ப மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சுங்க. உத்தரத்துக்கு வாங்கன்னு கூப்பிடோணும்னு ஆசை. கூப்பிட வாய் வரல. அவளே சொன்னா. "உத்தரத்துக்கு வாரோமுங்கத்தை. ஆனா ஒண்ணு. அந்தக் கேள்வியை ஆரும் எங்கிட்டக் கேக்கப்படாது. நீங்களுந்தான்."

கேக்கமாட்டேன்னேன். கேக்கறவளை நான் பாத்துக்கறேன்னேன்.

ஞாயித்துக்கெழமை வாராங்க. தேர் பாக்க அவளை நடு வீதியிலதான் கூட்டிட்டுப் போகப் போறேன், சந்துல இல்ல. கையைப் புடிச்சுட்டு, பொன்னாத்தா ஊட்டு வாசல்ல நின்னு, தண்ணி வாங்கிக் குடிச்சுப்போட்டுத்தான் போவேன். எவ வாயைத் தொறக்கறான்னு பாக்கறேன்.

முடிச்சுட்டீங்களா? நல்லாருந்துச்சா? சொன்னேனில்ல. ஏலம் உத்தரத்தன்னிக்குச் சாயங்காலந்தானுங்க, இப்பக் கெளம்புனா இருட்டறதுக்குள்ள ஊரு போயிச் சேந்துருவீங்க. எடுங்க, வேண்டாங்கல. ஆனா உங்க மருமககிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? சொல்லலையா. சொல்லிப்போட்டு எடுங்க. வேண்டாம்னா உட்டுருங்க. என்னை மாதிரிக் கரைக்கற வேலையெல்லாம் வெச்சுக்காதீங்க, எனக்கே சரியா வரல.

என்னங்க? மெதுவாக் கேக்கறீங்க, காதுல உழுகல.

இப்பவாச்சும் தரணிக்கு விசேஷம் உண்டுங்களான்னா கேக்கறீங்க?

இத்தனை நேரம் நான் ஆருகிட்டங்க பேசிட்டு இருந்தேன்?

தெரியாதுங்க. உண்டோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அன்னிக்கு அவ அவ்வளவு நேரம் லைன்ல இருந்தா. அந்தக் கேள்வி வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிப்போட்டு, அங்க வெயில் எப்படி இருக்குதுன்னு கேட்டேன். கிண்ணத்தைக் குடுங்க, அப்படியே வெச்சா காஞ்சு ஒட்டிக்கும். பஸ்ஸு டீக்கடைக்கிட்ட நிக்கும். அவன் சிரிச்சான்னா, ஆமா அவதான் தின்னாளாமான்னு சொல்லிப்போட்டு ஏறுங்க.